பிறமொழிச் சொற்களும் நமது ‘கள்’ விகுதியும்

தமிழிற் பிறமொழிச் சொற்கள் கலப்பது குறித்து நம் நாட்டு ஏடுகளில் வெளிவந்த கட்டுரைகள் மிகப் பல. எந்தச் சொல் வரலாம், எந்தச் சொல் வரலாகாது என்னும் வாதத்திலேயே அவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வந்துவிட்ட சொல் நம்மிடையே எவ்வாறு வாழ்கிறது என்று பார்ப்பவர் சிலரே. ஒரு சொல் நம் வீட்டில் குடியேறிவிட்டதா, அல்லது இன்னும் திண்ணையில் அமர்ந்திருக்கும் வழிப்போக்கனா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அச்சொல்லைப் பன்மையாக்கிப் பார்த்தால் போதும்.

இதில் நம் ஆசிரியரிடையே இரண்டு கட்சிகள் இருப்பதைக் காண்கிறேன். ஒரு கட்சியார், பிறமொழிச் சொல்லோடு ‘கள்’ விகுதி சேர்ந்தால் தமிழ் கெட்டது என்பர். மாணவன் ‘பஸ்கள்’ என்று எழுதினால் சொல்லை மட்டுமின்றி விகுதியையும் சேர்த்துச் சிவப்பு மையால் அடிப்பர். மற்றொரு கட்சியார் கவலையே அற்றவர். ஆங்கிலச் சொல்லை அதன் ஆங்கிலப் பன்மையோடு அப்படியே கொண்டுவந்து இறக்குவர். “பேரண்ட்ஸ் எல்லாரும் முன்வரிசைக்கு வரலாம், டீச்சர்ஸ் பின்னால் அமரலாம்” என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவதைக் கேட்டிராத பள்ளி விழா ஏது? இவ்விரு சாராரும் தவறு செய்கின்றனர் என்பதே என் கருத்து. எனினும் முதற்கட்சியாரின் தவற்றைச் சிறியதாகவும், இரண்டாங்கட்சியாரின் தவற்றைப் பெரியதாகவும் எண்ணுகிறேன்.

நம் மொழியை ஆராயுமுன் சற்று வெளியே சென்று வருதல் நன்று. அரபு மொழியில் ‘கிதாப்’ என்றால் நூல். பல நூல்களைக் குறிக்க வேண்டின் அரபியர் ‘குதுப்’ என்பர்; சொல்லின் உள்ளிருக்கும் உயிரொலிகளை மாற்றிப் பன்மை காட்டுதல் அம்மொழியின் இயல்புகளுள் ஒன்று. இச்சொல் இசுலாமிய சமயத்தோடும் கல்வியோடும் நெடுந்தொலைவு பயணம் செய்தது. துருக்கியர் தம் விகுதியைச் சேர்த்துக் ‘கிதாப்லர்’ என்றனர். இந்தியும் உருதும் பேசுவோர் அதனைப் பெண்பாற் சொல்லாக்கிக் ‘கிதாபேன்’ என்றனர். மலாய்க்காரர் தம் வழக்கப்படி இரட்டித்துக் ‘கிதாப்-கிதாப்’ என்றனர். தமிழ் முசுலிம் பெருமக்கள் ‘கிதாபுகள்’ என்றனர். பன்மையாகிய ‘குதுப்’பைத் தேடி இவர்களுட் பெரும்பாலோர் போகவில்லை.

இவர்கள் எல்லாரையும் விஞ்சியவர் ஆப்பிரிக்காவின் கீழைக்கரையில் வாழும் சுவாகிலி மொழியினர். அம்மொழியிற் பன்மை உருபு சொல்லின் முன்னே வரும். ‘கிசு’ என்றால் ஒரு கத்தி. ‘விசு’ என்றால் பல கத்திகள். அரபியரிடமிருந்து ‘கிதாபு’ வந்தபோது அதன் முதலெழுத்தாகிய ‘கி’ தம் ஒருமை உருபே என்று அவர்கள் செவி கொண்டது. ஆகவே பல நூல்கள் ‘விதாபு’ ஆயின! இஃது அறியாமை என்று நகைப்போரும் இருக்கலாம். சாலைச் சந்தியில் ‘இடப்பக்கம் செல்க’ என ஆங்கிலத்தில் எழுதிய பலகையைக் கண்டு, வட்டச் சந்திக்கே ‘கிப்பிலெப்டி’ என்று பெயரிட்டு, பல சந்திகளை ‘விப்பிலெப்டி’ என்று வழங்கும் அம்மக்களைப் பார்த்து எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. ஆங்கிலத் தொடர் ஒன்றையே பிடித்துத் தம் இலக்கணத்தின் நுகத்திற் பூட்டிவிட்டனர் அன்றோ?

நம் அண்டை வீட்டையும் பார்ப்போம். கப்பல், கடை, கட்டில் ஆகிய நம் சொற்கள் மலாய் மொழியிற் புகுந்து நெடுங்காலம் ஆயிற்று. பல கடைகளை மலாய்க்காரர் ‘கெடாய்-கெடாய்’ என்பர். நம் சொல்லை ஏற்றவர்கள் நம் ‘கள்’ளை ஏற்கவில்லை. (1972-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் இவ்விரட்டிப்பை எழுதிக் காட்டாமல் சொல்லின் பின்னே 2 என்னும் இலக்கத்தை இட்டுவிடுவர். பழைய மலாய் இதழ்களைப் புரட்டுவோர் அதனை இன்றும் காணலாம்.) ஆங்கிலேயரோ நம் சுருட்டையும் கட்டுமரத்தையும் எடுத்துச் சென்று தம் ‘ஸ்’ஸை ஒட்டிக்கொண்டனர்.

இனி நம் மொழிக்கு வருவோம். வடமொழியிலிருந்து ‘புத்தகம்’ பெற்றோம். அம்மொழியின் பன்மையாகிய ‘புஸ்தகானி’யைப் பெறவில்லை. மரம், மரங்கள் என்னும் வாய்பாட்டில் அதனை அமர்த்திப் புத்தகங்கள் என்றோம். போர்த்துக்கீசியரிடமிருந்து மேசையும் சாவியும் அலமாரியும் சன்னலும் பெற்றோம். அவர்களும் ஆங்கிலேயரைப் போல் இறுதியில் ‘ஸ்’ இட்டே பன்மை காட்டுவோர். எனினும் மேசைகள், சாவிகள் என்றே நாம் சொல்கிறோம். இன்று இச்சொற்களைக் கேட்பவர்க்கு இவை கடல் கடந்து வந்தவை என்னும் நினைவே எழுவதில்லை.

இவையெல்லாம் நூல்களிற் காணக்கூடியவை. எந்த நூலிலும் போதிய இடம் பெறாத ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது தோட்டத்து மக்கள் ஆக்கிய ‘லயம்’.

தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் ‘லைன்ஸ்’ என்றனர். ஆங்கிலத்தில் அது பன்மைச் சொல். தமிழகத்திலிருந்து வந்து, காட்டை அழித்து, ரப்பர் நட்டுப் பால் வெட்டிய நம் முன்னோருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்கள் அச்சொல்லை என்ன செய்தனர் என்று பாருங்கள். முதலில் பன்மைக் குறியாகிய ‘ஸ்’ஸைக் களைந்தனர். எஞ்சியது ‘லயன்’. இலங்கையின் மலையகத்தில் இவ்வடிவம் இன்றும் வழங்குகிறது. பின்னர் இறுதி னகரத்தை மகரமாக்கி ‘லயம்’ என்றனர். நிலம் என்பது நிலன் என்றும், அறம் என்பது அறன் என்றும் வருவதைக் கடைப்போலி என்று நாம் வகுப்பில் நடத்துகிறோமே, அதனையே அவர்கள் எதிர்த்திசையில் நடத்திக் காட்டினர். மகர ஈறு கிடைத்தவுடன் தமிழ் இலக்கணம் முழுவதும் அச்சொல்லுக்கு உரிமையாகிவிட்டது. லயத்தில், லயத்துக்கு, லயத்து வீடு, லயங்கள். அத்துச் சாரியை கூட ஓரிடத்தும் தவறவில்லை. குதிரை கட்டும் ‘லாயம்’ என்னும் சொல்லின் நிழலும் இதன்மேல் விழுந்திருக்கலாம். அவ்வீடுகளின் அமைப்பைப் பார்த்தவர்க்கு அவ்வெண்ணம் தோன்றாமல் இராது.

ஒரு வேடிக்கை: நம் கட்டுமரத்தை வாங்கிய ஆங்கிலேயர் அதன் இறுதி மகரத்தை னகரமாக்கிக் ‘கட்டமரான்’ என்றனர். அவர்கள் ‘லைன்’னை வாங்கிய நாம் னகரத்தை மகரமாக்கினோம். கணக்கு நேராயிற்று.

இதே வழியில் மலாய்க் ‘கம்போங்’ நமக்குக் ‘கம்பம்’ ஆயிற்று. ஙகர மெய் தமிழில் ஈறாக வாராது; ஆதலின் செவி அதற்கு மிக அணுக்கமான மகரத்தைத் தேர்ந்தது. கம்பத்துக்காரர், கம்பத்துக் கோழி, கம்பங்கள் என்று சொல் தழைத்தது. அலுவலகத்தில் நிரப்பித் தரும் ‘ஃபார்ம்’ என்னும் தாளும் ‘பாரம்’ ஆகி, பாரத்தை நிரப்பினேன், பாரங்கள் தீர்ந்துவிட்டன என்று வழங்குகிறது. பிற்காலத்தில் வந்த ‘தாமான்’ இவ்வாறு வளையவில்லை. அது தாமம் ஆகாமல் தாமானாகவே நிற்கிறது. இதற்குள் மலாய் மொழியைப் பள்ளியிற் கற்ற தலைமுறை எழுந்துவிட்டது. மூலவொலி காதில் நிற்கிறது. ஆயினும் பன்மையென்று வரும்போது ‘தாமான்கள்’ என்கிறோம். ‘தாமான்-தாமான்’ என்று எவரும் சொல்வதில்லை. ஒலி வளையாவிட்டாலும் இலக்கணம் நம்முடையதாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் கட்டுரைப் போட்டி ஒன்றில் நிகழ்ந்ததை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்புச் சிறுமி, தன் தாத்தா வாழ்ந்த தோட்டத்து லயங்கள் இடிக்கப்பட்ட கதையை எழுதியிருந்தாள். திருத்தியவர் ‘லயங்கள்’ என்பதை அடித்து, ஓரத்தில் ‘கொச்சை’ என்றெழுதி, ‘தொழிலாளர் குடியிருப்புகள்’ என்று மேலே தந்திருந்தார். நான்கு வரி தள்ளி அவள் ‘எங்கள் டீச்சர்ஸ்’ என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மை படவேயில்லை. தாள் திரும்பி வந்ததும் அவள் என்னிடம் கேட்டாள்: “லயம்னு எழுதக் கூடாதாங்க ஐயா? அப்ப தாத்தா எங்க இருந்தாருன்னு எழுதுறது?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. தொழிலாளர் குடியிருப்பு என்பது எந்த நகரத்திலும் இருக்கலாம். லயம் தோட்டத்தில்தான் இருந்தது. அதன் பொதுச் சுவரும், வரிசை வாசலும், விடியுமுன் பெரட்டுக்கு எழும்பும் ஓசையும் அச்சொல்லினுள் இருக்கின்றன. தோட்டங்கள் பலவும் வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்ட இந்நாளில், அச்சொல்லையும் நாமே அடித்துவிட்டால் அவ்வாழ்க்கைக்குப் பெயரில்லாமற் போகும். திருத்தியவர் களைய வேண்டிய பிறமொழிக்கூறு அத்தாளில் இருக்கத்தான் செய்தது. அது லயத்தில் இல்லை, டீச்சரிலும் இல்லை, டீச்சரின் வாலில் தொங்கும் ‘ஸ்’ஸில் இருந்தது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ‘சிப்ஸ்’ என்கிறோம், ‘ஜீன்ஸ்’ என்கிறோம். அவற்றிலும் ஆங்கிலப் பன்மை இருக்கிறதே, அவற்றையும் ஒதுக்குவீரோ என்று கேட்கலாம். ஒதுக்கேன். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு: முன்னே ‘ஒரு’ என்னும் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். ‘ஒரு சிப்ஸ் எடுத்துக்கொள்’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அங்கே ‘ஸ்’ பன்மைக் குறியாக இல்லை, சொல்லின் உடம்போடு கலந்துவிட்டது. ‘ஒரு டீச்சர்ஸ்’ என்று எவரேனும் சொல்வரோ? சொல்லார். அங்கே ‘ஸ்’ உயிரோடு இருக்கிறது. நம் ‘கள்’ செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது.

செத்த பன்மையை ஒருமையாகக் கொள்வது உலக வழக்கே. உருசியர் தண்டவாளத்துக்கு ஆங்கிலேயரின் ‘ரெயில்ஸ்’ என்னும் பன்மையைப் பெற்று, ஒன்றை ‘ரெல்ஸ்’ என்றும் பலவற்றை ‘ரெல்சி’ என்றும் வழங்குகின்றனர். செருமானியர் ‘கேக்ஸ்’ என்னும் ஆங்கிலப் பன்மையைக் ‘கெக்ஸ்’ என்று ஒருமையாக்கி, ஒரு பிசுக்கோத்துக்குப் பெயராக இட்டனர். தண்டவாளம் எப்போதும் இரண்டாகவே கிடக்கும். பிசுக்கோத்து தட்டு நிறைய வரும். ஒற்றையாக வாராத பொருளின் பெயர் பன்மையிலேயே செவிக்கு எட்டுகிறது என்பது என் ஊகம். லயத்தின் ‘ஸ்’ உதிர்ந்ததற்கும் இதன் மறுதலையே காரணமாகலாம். ஒன்றாம் லயம், இரண்டாம் லயம் என்று அவை எண்ணப்பட்டன அல்லவா?

அரபியரின் ‘ஆலிம்’ ஒருமை, ‘உலமா’ பன்மை. மலாயில் ‘உலாமா’ ஒருவரையே குறிக்கும். பலரைக் குறிக்கப் ‘பாரா உலாமா’ என்பர். தமிழ் ஏடுகள் ‘உலமாக்கள்’ என்று எழுதுகின்றன. ஆயின் அவையோரைக் குறிக்கும் ‘ஹாடிரின்’ என்னும் சொல்லோடு ‘பாரா’ சேர்த்தால் மலாய் ஆசிரியர் திருத்துவர்; அது முன்னரே பன்மைப் பொருளது என்பது அவர்கள் காட்டும் காரணம். ஒன்றில் பன்மை மறைந்தது, மற்றொன்றில் மறையவில்லை. நாம் கூறிய சோதனையை அவர்களும் வேறு வகையில் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பன்மையின்மேற் பன்மை அடுக்குவது பிழையன்றோ எனின், ‘அவர்கள்’ என்னும் சொல்லை நினைவுகூர்க. ‘அவர்’ பன்மை; அதன்மேல் மற்றொரு பன்மை. தொல்காப்பியர் அஃறிணைப் பெயர்க்கு உரியதாக ஓதிய ‘கள்’, திருக்குறளிலேயே ‘மற்றையவர்கள்’, ‘பூரியர்கள்’ என உயர்திணைமேல் ஏறிவிட்டது. ஆதலின் ‘உலமாக்கள்’ குறித்து நாம் மனம் வருந்த வேண்டியதில்லை.

‘டீச்சர்ஸ்’ என்பதை நான் ஏன் இத்துணை எதிர்க்கிறேன்? சொல்லைக் கடன் வாங்குவது அரிசி கடன் வாங்குவது போல. விகுதியைக் கடன் வாங்குவது அளக்கும் படியையே அயல்வீட்டில் இரந்து நிற்பது போல. டீச்சர், டாக்டர், நர்ஸ் என்பன பெயர்கள். நல்ல தமிழ்ச் சொல் பழகியதும் உதிர்ந்துவிடும். ‘ஆசிரியர்’ பழகிய வாயில் ‘டீச்சர்’ உதிர்வதை நாள்தோறும் பார்க்கிறோம். பன்மை காட்டும் முறை அவ்வாறு உதிர்வதன்று. இரு விகுதிகளைக் கேட்டு வளரும் குழந்தை, தமிழ்ச் சொல்லுக்குக் ‘கள்’ என்றும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஸ்’ என்றும் இரு கணக்கு வைத்துக்கொள்கிறது. அக்குழந்தைக்கு ஆங்கிலச் சொல் என்றும் ஆங்கிலச் சொல்லாகவே நிற்கும்; லயத்தைப் போல் வளைந்து வாராது. எழுத்தறியாத மக்கள் செய்த வேலையைப் பயிற்சி பெற்ற ஆசிரியர் நாம் தடுத்தவர்களாவோம்.

கற்றோர்க்கே உரிய இந்நோய் ஆங்கிலேயரையும் விடவில்லை. ‘ஆக்டோபஸ்’ கிரேக்கச் சொல். அதற்கு இலத்தீன் முறையில் ‘ஆக்டோபை’ என்று பன்மை கூறிப் புலமை காட்டப் புகுந்து, அவர்களுட் சிலர் இரண்டு மொழியிலும் இடறினர். தம் ‘ஸ்’ஸைச் சேர்த்துப் பேசும் மீனவனே பிழையின்றிப் பேசினான்.

இனி முதற்கட்சியார்க்கு ஒரு சொல். ‘கள்’ இல்லாவிடில் பன்மை இல்லை என்று எண்ணுவதும் ஆங்கில இலக்கணம் பயின்றதால் வந்த பழக்கமே. அஃறிணைப் பெயரோடு ‘கள்’ சேரலாம், சேராமலும் இருக்கலாம் என்பதே தொல்காப்பியர் காட்டும் நெறி. மாடு வந்தது, மாடு வந்தன என்னும்போது வினையே எண்ணைக் காட்டிவிடுகிறது. நன்னூலார் இவ்வகையைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று தனியே பெயரிட்டு வைத்தார். பால் வெட்டுபவர் “மங்கு முந்நூறு கழுவினேன்” என்பார். மலாய் ‘மங்கோக்’கிலிருந்து வந்த அச்சொல்லுக்குக் ‘கள்’ சேர்த்து எவரும் சொல்லக் கேட்டதில்லை. பத்து வெள்ளி, ஐம்பது காசு என்கிறோம். பத்து வெள்ளிகள் என்பதில்லை. 1975-ஆம் ஆண்டு முதல் நம் நாணயத்தின் பெயர் ரிங்கிட். அதற்கு ஆங்கிலத்திற் கூட ‘ஸ்’ இடாமல் நூறு ரிங்கிட் என்றே எழுதுகின்றனர். ஆகவே ‘ஐந்து பஸ் வந்தன’ என்று எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் குறைப்பது நன்னூலாருக்கே மதிப்பெண் குறைப்பதாகும். ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அத்தேர்வுக்காக வகுத்த சிவப்பு மைப் பழக்கங்கள் மட்டும் நீங்காமல் இருக்கின்றன.

மக்களைக் குறிக்கும் சொற்களில் வேறொரு செய்தி உண்டு. தோட்டத்தில் துரைமார், கிராணிமார், கங்காணிமார் என்பர். ‘மார்’ உறவிலும் மதிப்பிலும் வழங்கும் விகுதி. அண்ணன்மார், தாய்மார் என்பதும் அதுவே. கிராணி பிறமொழிவழி வந்த சொல்லாயினும் ‘மார்’ பெற்றுவிட்டது. உழைத்த மக்களோ பழைய அச்சுத்தாள்களில் ‘கூலிகள்’ ஆயினர். தமிழில் கூலி என்பது வேலைக்குப் பெறும் பணம். ஆளைக் குறிக்கக் கூலியாள், கூலியாட்கள் என்போம். அச்சொல்லை ஆங்கிலேயர் ஆளுக்கே பெயராக்கினர். (கூர்ச்சரத்துக் கோலி என்னும் இனப்பெயரே மூலம் என்பாரும் உளர்.) அவர்கள் ‘கூலீஸ்’ என்றதை மொழிபெயர்க்கும்போது நம்மவர் ‘கூலிகள்’ என்று எழுதினர். ஆள் மறைந்து பணமும் விகுதியும் மட்டும் நின்றன. விகுதி இலக்கணப்படி சரியானதே. ஆயினும் பழைய தாள்களிலிருந்து வரலாற்றுக் கட்டுரை எழுதுவோர் இதனைக் கண்மூடிப் படியெடுக்கலாகாது. தொழிலாளர் என்று எழுதுக.

எஞ்சியிருப்பது ‘கள்’ளா, ‘க்கள்’ளா என்னும் ஐயம். பஸ்கள், பாங்குகள் என்பவற்றில் சிக்கல் இல்லை. நெட்டுயிரில் முடியும் சொற்களில் மக்கள் செவி முன்னமே தீர்ப்பளித்துவிட்டது. பூக்கள், ஈக்கள் என்னும் வாய்பாட்டைப் பற்றி டத்தோக்கள், வீடியோக்கள் என்றாயின. ‘எம்.பி.க்கள்’ என்று எல்லாத் தமிழ் நாளேடுகளும் எழுதுகின்றன. கண்ணுக்கு அங்கே இருப்பது குற்றெழுத்து. வாய் ஒலிப்பது ‘பீ’ என்னும் நெடில். விகுதி கண்ணைப் பின்பற்றாமல் வாயைப் பின்பற்றியது. ‘செல்ஃபி’ என்னும் புதுச்சொல் இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறது. அதனை நெடிலாக ஒலிப்போர் ‘செல்ஃபிக்கள்’ என்றும், குறிலாக ஒலிப்போர் ‘செல்ஃபிகள்’ என்றும் எழுதுகின்றனர். என் வகுப்பு ஏடுகளிலும் இரண்டும் கலந்தே வருகின்றன. இப்போதைக்கு நான் இரண்டையும் அடிப்பதில்லை.